முழங்கைச் சுற்று

டீ குடிச்சிட்டு வர அவனுக்கு இருபது நிமிஷம் ஆகும், உளுந்த வடை சூடா இருந்தா இருபத்தஞ்சு, அதுக்குள்ள அஞ்சு மெஷினையும் துடைச்சு எண்ணெய் தடவி அலமாரியில ஏத்தி வச்சிடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான், சொல்லாட்டா எனக்குத் தெரியாத மாதிரி. ஷட்டரைப் பாதி இறக்கிட்டுச் செய்யி, சாரல் உள்ள அடிக்குது, நான் வந்து பூட்டிக்கிடுதேன்னான். பூட்டிக்கோ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தச் சாவி அப்பா சட்டைப்பையில கிடந்தது, இப்ப அவனோட பைக் சாவி வளையத்துல தொங்குது. கோமதி அக்கா வீட்டுக்காரன், பேரு சங்கரநயினார், வாயால அத்தான்னு கூப்பிடுறேன், மனசுக்குள்ள அவன்தான். எங்க மரப்பட்டறை பத்துக்குப் பதினாலு அடி. தென்காசி ரயில்வே கேட்டைத் தாண்டி முதல் சந்துல, ஒரு பக்கம் வெல்டிங் கடை, ஒரு பக்கம் சாக்கடை. ஆனி பிறந்துட்டா குற்றாலத்துச் சாரல் இங்க வரைக்கும் வந்துடும், ஷட்டருக்கு அடியில தண்ணி ஊறி உள்ள வரும், அதனால ராத்திரி ஒரு மெஷினும் தரையிலயோ மேஜையிலயோ இருக்கக் கூடாது, எல்லாம் அலமாரிக்கு ஏறணும். இடம் இல்லாத கடையில பகல்ல வேலை செய்யணும்னாலும் அப்படித்தான், ஒண்ணு மேஜைக்கு வரணும்னா இன்னொண்ணு அலமாரிக்குப் போகணும். ரெண்டு வருஷமா அந்த ஏத்தி இறக்குற வேலை என்னோடது. எது எங்கன்னு எனக்கு இருட்டுல கூடத் தெரியும். ஆனா அவன் இப்ப ஒவ்வொரு தட்டுலயும் கறுப்பு மார்க்கரால மெஷினோட உருவத்தைச் சுத்திக் கோடு போட்டு வச்சிருக்கான், பால்வாடிப் பிள்ளைக்கு யானைப் படம் போட்ட மாதிரி. அதுக்கு மேல ஒரு பேப்பர். பிளேனரை வைக்கும்போது லாக்கை எடுத்துவிட்டு வைக்கவும், இப்படிக்கு நிர்வாகம். மூணு பேர் வேலை பார்க்கிற கடையில நிர்வாகம். யாருக்கு எழுதினதுன்னு கதவு ஆர்டர் கொடுக்க வர்றவனெல்லாம் கேட்கிறான், அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், வந்தவனும் சிரிக்கிறான்.

முதல்ல டிரில் ஸ்டாண்டு. பதினெட்டுக் கிலோ, கீழ்த் தட்டு. தூக்கும்போது முதுகை வளைக்காம முட்டியை மடக்கித் தூக்கணும். முன்னெல்லாம் தூக்க வராது, இப்ப வருது, தூக்க வந்த நேரத்துல போன்னு சொல்றான். வர்ற திங்கக்கிழமையில இருந்து நான் டைப்பிங் கிளாஸ் போகணுமாம். பள்ளிக்கூடத்தை நான்தான் விட்டேன், யாரும் நிறுத்தலை, பதினொண்ணாம் வகுப்புல பாதியில எனக்குப் போதும்னு தோணிச்சு, போதும்னு சொன்னேன். உட்கார்ந்துக்கிட்டே இருக்கிற வேலை எனக்கு ஆகாது. அப்பா ஒரு வாரம் பார்த்தார், அப்புறம் வா, வந்து தூசியாவது தட்டுன்னார். தூசி தட்டி, உப்புத்தாள் தேய்ச்சு, பலகை பிடிச்சு, இந்தச் சித்திரையில முதல் தடவையா, மரத்துல வளைவு செதுக்குற ரூட்டர் மெஷினை என் கையில கொடுத்தார். கதவு ஓரத்துல நான் ஓட்டின வளைவு, தேக்குல, ஒரு இடத்துல கூடக் கருகலை, அப்பா கட்டை விரலால தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லலைன்னா அவர்கிட்ட அது பெரிய விஷயம். அது நடந்து மூணாவது வாரம் அப்பாவோட இடது கையில நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணு வரைக்கும் போச்சு. டிரில் வயரை நாலு மடிப்பா மடிச்சு, நடுவுல ஒரு சுத்து, பிளக்கு வெளியே தெரியிற மாதிரி. நான் அப்படித்தான் சுத்துவேன். மடிச்சுச் சுத்தினா உள்ள கம்பி ஒடியாது. அவன் அப்படி இல்லை, அவன் கட்டை விரலுக்கும் முழங்கைக்கும் நடுவுல போட்டு வட்டம் வட்டமாச் சுத்துவான், கிணத்துக் கயிறு சுத்துற மாதிரி, கடைசியில பிளக்கை வட்டத்துக்குள்ள சொருகி விட்டுடுவான். வேகமா முடியும், பார்க்க அழகா இருக்கும், ஆறு மாசத்துல வயர் உள்ளுக்குள்ள நொறுங்கும். இது எனக்குத் தெரியும். இது மட்டும்தான் எனக்குத் தெரியும். இதை வச்சுத்தான் நான் அவனைப் பிடிச்சேன்.

அன்னைக்குக் காலையில நான் கடைக்குள்ள வரும்போது அப்பா பிளேனரை எடுத்து மேஜையில மல்லாக்க வச்சிருந்தார். எங்க பிளேனர் கையில பிடிச்சு ஓட்டுற மெஷின்தான், ஆனா அதைக் கவுத்து மேஜையில இறுக்கிட்டா பலகையை மேல தள்ளி இழைக்கலாம், அப்ப சுவிட்சை யார் அமுக்கிக்கிட்டே இருக்கிறது, அதனால சுவிட்சை அமுக்கி பக்கத்துல இருக்கிற லாக் பித்தானைத் தட்டி விட்டுடுவோம், அது ஓடிக்கிட்டே இருக்கும், நிறுத்தணும்னா சுவர்ல பிளக்கைப் பிடுங்குவோம். சாயந்திரம் எடுத்து வைக்கும்போது சுவிட்சை ஒரு தடவை அமுக்கி விட்டா லாக் வெளியே வந்துடும். அதை அமுக்காம வச்சா அது உள்ளயே முழிச்சிக்கிட்டு இருக்கும். சுவர்ப் பலகையில இருக்கிற சுவிட்சு தேஞ்சு எப்பவும் ஆன்லயே நிக்குது, பிளக்கைச் சொருகினா கரண்டு. அப்பா இடது கையால பிளேடு மேல இருந்த மரச்சுருளைத் தட்டிக்கிட்டே வலது கையால பிளக்கைச் சொருகினார். அவ்வளவுதான். சத்தம் வழக்கமான சத்தம்தான், பூவரசுப் பலகையில முடிச்சு வந்தா வருமே, அந்தச் சத்தம். அப்பா கத்தலை. கையைப் பார்த்தார். அவன் ஓடி வந்து துண்டைச் சுத்தி, பைக்குல அப்பாவை நடுவுல வச்சு, நான் பின்னால உட்கார்ந்து அப்பாவோட கையை மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, அவன் சட்டை முதுகு முழுக்க ரத்தம், ரயில்வே கேட்டு சாத்தியிருந்தது, அவன் கேட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினான், சரக்கு வண்டி போய்க்கிட்டே இருந்தது, நான் பெட்டியை எண்ணிக்கிட்டு இருந்தேன், எதுக்கு எண்ணினேன்னு தெரியலை, நாப்பத்திரண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்மா, அக்கா, வெல்டிங் கடைக்காரர் எல்லாரும் நிக்கும்போது அவன் கேட்டான், நேத்து பிளேனரை யாரு எடுத்து வச்சா? எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான்தான் வச்சேன்னு சொன்னேன். தினமும் நான்தானே வைக்கிறேன், வேற என்ன சொல்றது. அன்னைக்கு ராத்திரி படுத்தபோதுதான் அந்த வயர் கண்ணுக்குள்ள வந்தது. மேஜைக்குக் கீழ, ரத்தத்துக்குப் பக்கத்துல, வட்டம் வட்டமா. அப்பா பிளக்கை மட்டும் உருவி எடுத்திருக்கார், மிச்சச் சுத்து அப்படியே கிடக்குது. முழங்கைச் சுத்து.

பிளேனரை இப்ப கையில எடுத்துட்டேன். துடைக்கணும். பிளேடுல தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால தடவக் கூடாது, துணியால. அக்காகிட்ட மறுநாளே சொன்னேன். வயரைப் பார்த்தா ஆளு தெரியுமாக்கும், போடீன்னா, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே. அம்மாகிட்ட சொன்னேன், செஞ்ச தப்பை அடுத்தவன் தலையில கட்டாதன்னா. அப்பாகிட்ட சொல்லலை. அப்பா கட்டுப் போட்ட கையை மடியில வச்சு டி.வி. பார்க்கும்போது என்னைப் பார்க்க மாட்டேங்கிறார், கோபம்னா கூடச் சொல்லியிருப்பேன், அது கோபம் இல்லை, பாவம் சின்னப் பிள்ளைகிட்ட கொடுத்தேனேன்னு ஒரு பார்வை, அந்தப் பார்வைகிட்ட வயரைப் பத்தி எப்படிப் பேசுறது. அவன் மட்டும் கடையில பேசிக்கிட்டே இருக்கான். ஏட்டி, மெதுவா வை, அதுக்குப் பசிக்கும். ஏட்டி, உன் கையில கத்தரிக்கோல் கொடுக்கவே பயமா இருக்கு. ரூட்டரைத் தொட விடறதில்லை. நான் ஓட்டின வளைவு இருக்கிற கதவை ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போகும்போது நயினார் கைவேலை சுத்தம்னு சொன்னார், அவன் தலையை ஆட்டினான். ஆட்டினான். ஒரு வார்த்தை, அது எங்க சின்னவ ஓட்டினதுன்னு. ஆறு வாரமா இந்தச் சுவர் சுவிட்சை மாத்தலை, எலக்ட்ரீஷியன் வரலைன்னான், பேப்பர் மட்டும் ஒட்டினான். நாளைக்குக் காலையில லாட்ஜுக்குப் பன்னிரண்டு கட்டில் சட்டம் இழைக்கணும், முதல்ல எடுக்கப்போறது பிளேனர், எடுக்கப்போறது அவன், என்னை எடுக்க விட மாட்டான். அவனும் இடது கையாலதான் சுருளைத் தட்டுவான், இந்தக் கடையில எல்லாரும் அப்படித்தான் தட்டுவோம். நான் சுவிட்சை அமுக்கிக்கிட்டு லாக் பித்தானைத் தட்டினேன். டிக். இவ்வளவு சின்னச் சத்தம். வயரைச் சுத்தி, கறுப்புக் கோட்டுக்குள்ள சரியா வச்சேன், ஒரு நூல் கூட வெளியே தெரியலை, நிர்வாகம் பார்த்தாச் சந்தோஷப்படும்.

கிரைண்டர் ரெண்டாவது தட்டு. ரெண்டு கல்லும் உருளாம இருக்க அடியில ஒரு துண்டு ரப்பர். எந்த விரல் போகும்? அப்பாவுக்குப் போன அதே ரெண்டு போனா நல்லது, கணக்குச் சரியாகும், ஆனா அது நம்ம கையிலயா இருக்கு. அவன் கத்துவான். அப்பா மாதிரி இருக்க மாட்டான், சந்து முழுக்கக் கேட்கும். வெல்டிங் கடைக்காரர் ஓடி வருவார். நான் அவனைத் துண்டால சுத்துவேன், அதையும் நானே செய்வேன், பைக் ஓட்டத் தெரியாது, ஆட்டோ பிடிப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லாரும் நிப்பாங்க, நான் கேட்பேன், நேத்து பிளேனரை யாரு எடுத்து வச்சா? இல்லை, அவன் கேட்பான். திரும்பவும் என்னைத்தான் பார்ப்பாங்க. பார்க்கட்டும். இந்தத் தடவை நான்தான் வச்சேன்னு சொல்றது உண்மையா இருக்கும், பொய்யாச் சுமந்ததுக்கு உண்மையாவே சுமக்கலாம், அது லேசா இருக்கும். கட்டர் மூணாவது தட்டு, பிளேடு சுவரைப் பார்த்து. அக்கா பிள்ளை மகிழ் அவன் விரலைக் கடிச்சிக்கிட்டுத்தான் தூங்குது, ரப்பர் நிப்பிளைத் துப்பிடுது, அவன் விரல்தான் வேணும், எந்தக் கை விரல்? யோசிச்சுப் பார்க்கிறேன், அவன் வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பான், அப்போ இடது கை. யோசிக்கக் கூடாது. அப்பா விரலைப் பிடிச்சிக்கிட்டு நானும்தான் நடந்திருப்பேன், அதை யாரு யோசிச்சா. அன்னைக்கு முந்தின சாயந்திரம் என்ன நடந்ததுன்னு எத்தனை தடவை யோசிச்சிருப்பேன். கோடை மழை. திடீர்னு பெஞ்சு சாக்கடை பொங்கி ஷட்டருக்கு அடியில தண்ணி சரசரன்னு வந்தது. அப்பா முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டார். ஏட்டி தூக்கு தூக்குன்னு அவன் கத்துறான், நானும் தூக்குறேன், அவனும் தூக்குறான், காலுக்கடியில ரம்பத்தூள் கூழாகி வழுக்குது, யார் எதைத் தூக்கினதுன்னு அந்த இடத்துல மட்டும் எனக்கு ஒரு படமும் இல்லை, எல்லாச் சாயந்திரமும் ஒரே சாயந்திரமா ஒட்டிக்கிடக்குது. படம் இல்லாட்டா என்ன, வயர் இருக்கு. வயர் பொய் சொல்லாது. நான் மடிப்பேன், அவன் சுத்துவான். அவன்தான். அவன் வச்சிட்டு என்னைச் சொல்ல விட்டான், நான் நான்தான்னதும் மூஞ்சியில ஒரு தெளிவு வந்தது, நான் பார்த்தேன், பார்த்த மாதிரிதான் இருக்கு.

கடைசியா ரூட்டர். மேல் தட்டு, ஸ்டூல் போட்டு ஏறணும். இதை இனிமே தொட மாட்டேன், திங்கக்கிழமை ஏ எஸ் டி எஃப்-னு தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், ஜன்னல் இல்லாத மாடியில, பத்து மெஷின் ஒரே நேரத்துல கடகடன்னு, ஒண்ணுலயும் மரவாசனை வராது. முனையில வெட்டுற பிட்டைக் கழட்டி டப்பாவுல போட்டேன். வளைவு பிட்டு, எட்டு எம்.எம். இதுலதான் அந்தக் கதவு. தலையை ஆட்டினான் பாரு. டிக்-னு ஒரு சத்தம், நாளைக்கு எட்டரை மணிக்கு அவன் பிளக்கைச் சொருகுவான், நான் அப்ப எங்க நிக்கணும், கண்ணை மூடிக்கணுமா, மூட மாட்டேன், அப்பா விரலைத் திறந்த கண்ணோடதானே பார்த்தேன், இதையும் பார்ப்பேன். வடை இந்நேரம் ரெண்டாவது தின்னுக்கிட்டு இருப்பான். சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடணும், அவன் மூஞ்சியைப் பார்க்காமப் போயிடணும், சீக்கிரம், சீக்கிரம், எவ்வளவு நீள வயர் இந்த ரூட்டருக்கு, சுத்திக்கிட்டே இருக்கேன், முட்டியில உரசுது. முட்டியில இல்லை. முழங்கையில. குனிஞ்சு பார்த்தேன். என் இடது கை நிமிர்ந்து நிக்குது, கட்டை விரல் ஒரு முனை, முழங்கை ஒரு முனை, நடுவுல வட்டம் வட்டமா வயர் ஏறிக்கிட்டு இருக்கு, ஆறு சுத்து, ஏழு சுத்து, வலது கை யாரையும் கேட்காம அது பாட்டுக்குச் சுத்துது.

கை நின்னுடுச்சு. இது யாரு கை. நான் மடிப்பேன், நான் எப்பவும் மடிப்பேன். அலமாரியைப் பார்த்தேன். கீழ்த் தட்டுல டிரில், நாலு மடிப்பு, நடுவுல ஒரு சுத்து, பிளக்கு வெளியே. ரெண்டாவது தட்டுல கிரைண்டர், வட்டம். மூணாவது தட்டுல கட்டர், வட்டம், பிளக்கு உள்ள சொருகியிருக்கு. நான் சொருகினேனா, எப்போ சொருகினேன், கால் மணி நேரம் கூட ஆகலை, எனக்கு ஒரு படமும் இல்லை. பிளேனர், இடுப்பு உயரத்துல, கறுப்புக் கோட்டுக்குள்ள அழகா உட்கார்ந்திருக்கு. அதோட வயரும் வட்டம்தான். ரெண்டு வருஷமா எதிர்ல நின்னு அவன் சுத்துறதைப் பார்த்துப் பார்த்து, அவசரம்னு வந்தா என் கை அவன் கையாயிடுதா? எவ்வளவு நாளா? அப்போ அன்னைக்கு, தண்ணி வந்த அன்னைக்கு, தூக்கு தூக்குன்னு அவன் கத்தினப்போ. வயர் பொய் சொல்லாதுன்னேன். வயர் ஒண்ணுமே சொல்லலை, நான்தான் ஆறு வாரமாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவனாவும் இருக்கலாம். இன்னும் அவனாவும் இருக்கலாம், அந்த மழையில அவனும்தானே தூக்கினான், அவன் எப்பவும் வட்டம்தானே. அவனாத்தான் இருக்கணும். ரூட்டரை அப்படியே மேஜையில வச்சிட்டு பிளேனர்கிட்ட போனேன். லாக்கை எடுக்காமலும் போயிடலாம். அவன் மேல இருக்கிற கோபத்துல ஒரு சொட்டுக் கூடக் குறையலை, சுவர் சுவிட்சை மாத்தாதது அவன்தான், தலையை ஆட்டினது அவன்தான், டைப்பிங் கிளாஸ் அவன்தான், பேப்பர் அவன்தான், அதுக்கெல்லாம் ரெண்டு விரல் போதுமான்னு கேட்டா போதாதுன்னுதான் சொல்வேன். ஆனா அதுக்காக நான் லாக் போடலையே, அப்பா விரலுக்குத்தானே போட்டேன், அது யாரு விரல்கிட்ட வாங்கணும்னு இப்ப எனக்குத் தெரியலையே. பிளேனரை இறக்கி மடியில வச்சு சுவிட்சை அமுக்கினேன். டிக்.

ஷட்டருக்கு அடியில கால் தெரிஞ்சது, அப்புறம் குனிஞ்ச தலை, நனைஞ்ச முடி. கையில பேப்பர் கப்புல டீ, மேல இன்னொரு கப்பைக் கவுத்து மூடி வச்சிருந்தான், சாரல் விழாம. எனக்கு வாங்கிட்டு வந்திருக்கான். எப்பவும் வாங்கிட்டு வருவான், அதைச் சொல்லாம விட்டா நான் பொய்க்காரி.

"என்னட்டி, இன்னும் முடியலையா? பிளேனரை மடியில வச்சுத் தாலாட்டுதியா?"

அத்தான்னு கூப்பிட்டேன். சுத்தி வளைக்க எனக்கு வராது, வந்ததே இல்லை.

"இதுல லாக் போட்டு வச்சேன். நாளைக்குக் காலையில நீங்க எடுப்பீங்கன்னுதான். இப்ப எடுத்துட்டேன்."

அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். பாதியில என் மூஞ்சியைப் பார்த்தான். டீயை மேஜையில வைக்கும்போது கொஞ்சம் சிந்திச்சு, ரம்பத்தூள் அதை உறிஞ்சிச்சு. இடது கையைத் தூக்கி முன்னாலயும் பின்னாலயும் திருப்பிப் பார்த்தான், யாரோ கொடுத்த சாமானைப் பார்க்கிற மாதிரி. அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கிடலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெல்டிங் கடையில ஒரு தடவை வெளிச்சம் வெட்டி அணைஞ்சது.

"அப்போ அன்னைக்கும்?"

"அன்னைக்கு வேணும்னு இல்லை. நானான்னும் தெரியலை." வயரைத் தூக்கிக் காட்டினேன், வட்டத்தை. "இதை வச்சு நீங்கதான்னு நினைச்சேன். இன்னைக்கு இதைச் சுத்தினது நான்." அவன் வயரைப் பார்த்தான், கிரைண்டரைப் பார்த்தான், கட்டரைப் பார்த்தான், அவனுக்குப் புரிய எனக்கு ஆன நேரம் கூட ஆகலை. "உங்களுக்குத் தெரியுமா, அத்தான்? அன்னைக்கு இதைத் தூக்கினது யாருன்னு?"

அவன் போய் அலமாரியில ஒட்டியிருந்த பேப்பர் முன்னால நின்னான், அதைப் படிக்கிற மாதிரி, எழுதினவன் அவனே இல்லாத மாதிரி. கிழிக்கலை. அப்புறம் பாதியில நான் விட்டுட்டு வந்த ரூட்டரை எடுத்தான், சுத்தை முழுக்க உதறினான், வயர் தரை வரைக்கும் விழுந்தது. இடது கையை நிமிர்த்தி, கட்டை விரல்ல ஒரு சுத்துப் போட்டு, முழங்கைக்குக் கொண்டு போனான். முழங்கையில வயர் பட்டதும் கை அங்கயே நின்னுடுச்சு, கொஞ்சம் முன்னாடி என் கை நின்ன மாதிரி.